இறால் தொட்டியில் பங்காளிச் சண்டை

ஐப்பசி அடைமழையில் கரண்ட் போன ஒரு ராத்திரி. கொஞ்ச நேரத்தில் இன்வெர்ட்டரும் கையை விரித்துவிட்டது. ஏர் பம்ப் நின்றுவிட்டதே, இறால்கள் மூச்சுக்குத் தவித்து மேலே வந்திருக்குமோ என்று மொபைல் டார்ச்சைத் தொட்டியில் அடித்துப் பார்த்தேன். இறால்கள் நிம்மதியாகத்தான் இருந்தன. முன்பக்கக் கண்ணாடியில் ஒரு வெள்ளைக் கோடு கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போனது. பக்கத்தில் இன்னொன்று. ஸ்பாஞ்ச் ஃபில்டர் மேல் மூன்று. எண்ணிக்கொண்டே போனேன், பதினான்கு வந்தது. பகலில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில், அரசலாற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. முற்றம் வைத்த பழைய வீடு. தொட்டி கூடத்தில் இருக்கிறது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கணக்குப்படி 56 லிட்டர் பிடிக்கும். மண், கல், மேலே விட்ட இடம் எல்லாம் கழித்தால் தண்ணீர் 45 லிட்டர்தான். இந்த 45ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மருந்துக் கணக்குக்கு வேண்டும்.

அடியில் கொல்லையில் எடுத்துச் சலித்த வண்டல் ஒரு அங்குலம், அதற்கு மேல் சிறு ஜல்லி. வயல் மண்ணை வேண்டுமென்றே தவிர்த்தேன். உரமும் பூச்சி மருந்தும் ஊறிய மண்ணில் இறால் பிழைக்காது. செடிகள் என்று பார்த்தால் அனுபியாஸ், ஜாவா மாஸ், ஒரு நாட்டு வாதுமைச் சருகு. மாசியில் சென்னை கொளத்தூரில், அழகுக்கு வளர்க்கிற சின்னச் செர்ரி இறால் இருபது வாங்கி, ஆக்சிஜன் அடைத்த கவரில் ராத்திரி ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். சித்திரை வெயிலில் தண்ணீர் 32 டிகிரியைத் தொட்டபோது மேலே ஒரு சின்ன டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டு 29க்கு இறக்கினேன். ஆடி பிறக்கும்போது பெரியதும் சிறியதுமாக நூறு தேறியிருக்கும்.

வம்பை நானேதான் வீட்டுக்குள் கொண்டுவந்தேன். மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைப் பக்கம் வந்து, வாய்க்காலெல்லாம் பாசி பச்சைப் பசேலென்று செழித்திருந்த நேரம். பதினெட்டாம் பெருக்கு அன்று வீட்டுப் பெண்கள் படித்துறையில் காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்க, நான் கிளை வாய்க்காலில் முழங்கால் தண்ணீரில் இறங்கி வேலம்பாசியைக் கை நிறையப் பிடுங்கினேன். கடையில் ஒரு கொத்து அறுபது ரூபாய் சொல்கிறார்கள், இங்கே சும்மா கிடைக்கிறதே என்ற சபலம்தான். குழாய்த் தண்ணீரில் நாலு அலசு அலசி அப்படியே தொட்டியில் நட்டேன்.

புரட்டாசியில் குட்டிகள் குறைய ஆரம்பித்தன. வயிற்றுக்கடியில் முட்டை சுமந்த தாய்கள் இருந்தன. பொரித்த மறுநாள் பாசியில் பொட்டுப் பொட்டாக இரண்டு மில்லிமீட்டர்க் குட்டிகளும் தெரிந்தன. நாலு நாள் கழித்துப் பார்த்தால் பாதிதான். அதற்கடுத்த வாரம் பெரியவையும் குறைகிற மாதிரி இருந்தது. செத்த உடல் எதுவும் கிடைக்கவில்லை. இறால் செத்தால் மற்ற இறாலே தின்றுவிடும் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் பழி நத்தை மேல் விழுந்தது. வேலம்பாசியோடு வந்த சின்ன நத்தைகள் ஒரே மாதத்தில் கண்ணாடி முழுக்கப் பெருகியிருந்தன. ஒரு மீன் கடையில் கேட்டதற்கு, "இதை நாலு சொட்டு விடுங்க, நத்தை எல்லாம் போயிடும்" என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். நல்லவேளை, வீட்டுக்கு வந்து லேபிளைப் படித்தேன். உள்ளே இருந்தது காப்பர் சல்பேட், அதாவது நம் மயில் துத்தம். கொடிக்காலுக்கும் தோட்டத்துக்கும் சுண்ணாம்போடு கலந்து அடிக்கிறோமே, அதேதான். நத்தை போகும் என்பது உண்மை. இறாலும் கூடவே போகும். இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புதான், நமக்கு இரும்பு மாதிரி. ஆனால் தண்ணீரில் கரைந்த செம்பு கொஞ்சம் கூடினாலும் அதன் செவுள் தாங்காது. அன்றைக்கே இன்னொன்றும் செய்தேன்: அம்மா செப்புத் தவலையில் பிடித்து வைக்கும் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றுகிற பழக்கத்தை நிறுத்தினேன்.

நத்தை இறாலைத் தின்பதில்லை. செத்ததைத் தின்னும், அழுகிய இலையைத் தின்னும், கண்ணாடிப் பாசியைச் சுரண்டும். அது பெருகியது என்றால் நான் தீனியை அதிகம் போட்டிருக்கிறேன் என்று அர்த்தம். கண்ணாடியில் எள்ளுப்பொட்டு மாதிரி குடுகுடுவென்று ஓடும் ஆஸ்ட்ரகாடும், தத்தித் தத்திப் போகும் கோபிபாடும், மண்ணிலிருந்து எழுந்து நூல் மாதிரி நெளியும் வெள்ளைப் புழுவும் அப்படித்தான். பார்க்க அருவருப்பாக இருக்கும், ஒரு கெடுதலும் செய்யாது. இவற்றை ஒழிக்க மருந்து தேடுவது வீண் வேலை.

இரண்டாவது பழி ஹைட்ரா மேல். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அரை அங்குலம்கூட இல்லாத ஒரு தண்டு, நுனியில் ஏழெட்டு நூல்கள். தொட்டால் சுருங்கி ஒரு புள்ளியாகிவிடும். சொறிமீனுக்கு உறவு. அந்த நூல்களில் கொட்டும் அணுக்கள் இருக்கின்றன. பெரிய இறால் மோதினால் ஒரு துள்ளுத் துள்ளிவிட்டுப் போய்விடும். அன்று பொரித்த குட்டி மாட்டினால் அவ்வளவுதான். நசுக்கித் தேய்த்தால் தொலையும் என்று விரலால் தேய்த்தேன். ஒரு வாரத்தில் இரண்டு மடங்கானது. வெட்டின துண்டு ஒவ்வொன்றும் முழு ஹைட்ராவாக வளர்வதை 1740களிலேயே டிரெம்ப்ளே என்ற சுவிஸ்காரர் செய்து காட்டியிருக்கிறார். முன்னாடியே படித்திருந்தால் விரலாவது மிஞ்சியிருக்கும். கப்பி மீனை விட்டால் ஹைட்ராவைத் தின்னும் என்று ஒரு நண்பன் யோசனை சொன்னான். குட்டி இறாலையும் அதே வாயால்தான் தின்னும் என்றேன்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் அந்தக் கரண்ட் போன ராத்திரி வந்தது.

கண்ணாடியில் ஊர்ந்ததை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நூல் புழு நெளிந்து நெளிந்து போகும். இது நெளியவே இல்லை, எண்ணெய் தடவின மாதிரி வழுக்கிக்கொண்டே போனது. உடல் தட்டை. தலை ஈட்டி முனை மாதிரி முக்கோணம். அதில் இரண்டு கண் புள்ளிகள், மூக்கைப் பார்க்கிற மாறுகண் போல உள்பக்கம் சாய்ந்திருந்தன. பிளனேரியா என்ற தட்டைப்புழு. வாய் தலையில் இல்லை, வயிற்றுக்கு நடுவில். அங்கிருந்து ஒரு குழலை நீட்டி உறிஞ்சும். தோல் உரித்துவிட்டு மெத்தென்று கிடக்கும் இறாலையும் குட்டிகளையும் இது பிடிக்கும். இதையும் வெட்டக்கூடாது. மார்கன் என்ற அமெரிக்கர் 1898 வாக்கில் நறுக்கிப் பார்த்து, 279ல் ஒரு பங்குத் துண்டும் முழுப் புழுவாகும் என்று கணக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பிற்பாடு பழ ஈயை ஆராய்ந்து நோபல் வாங்கினாரே, அதே மார்கன்தான். புழுவை நறுக்கிய கை.

மருந்துக்கு முன்னால் பொறி வைத்துப் பார்ப்போம் என்று தோன்றியது. அப்பாவின் கண் சொட்டு மருந்து பாட்டில் ஒன்று காலியாகக் கிடந்தது. கொதிநீரில் நன்றாகக் கழுவி, குண்டூசியைச் சூடாக்கிப் பக்கவாட்டில் ஆறு துளை போட்டேன். துளை பெரிதானால் இறாலும் நுழைந்துவிடும். உள்ளே மிளகளவு கோழி ஈரல். பாட்டில் மிதக்காமல் இருக்க ஒரு சின்னக் கல்லையும் போட்டு, விளக்கணைத்த பிறகு ஜல்லி மேல் படுக்கவைத்தேன். காலையில் எடுத்தபோது உள்ளே வெள்ளையாக ஒரு கொத்து. தட்டில் கவிழ்த்து எண்ணினால் முப்பத்தொன்று. அடுத்த ராத்திரி இருபத்தாறு. அதற்கடுத்த ராத்திரி முப்பத்துநாலு. பொறி எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும், அடியோடு ஒழிக்காது என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: ஈரல் வைத்த பொறியை ஒரு ராத்திரிக்கு மேல் விடாதீர்கள். நான் ஒரு நாள் மறந்துவிட்டேன், தண்ணீர் பாலாடை கட்டின மாதிரி ஆகிவிட்டது.

மருந்து என்று தேடும்போதுதான் வேடிக்கை. வெளிநாட்டிலிருந்து வரும் பிளனேரியா பொடி ஒன்று இறால் வளர்ப்பவர்களிடையே பிரபலம். உள்ளே என்ன என்று பார்த்தால் பாக்குச் சாறு! நம் கமுகம் பாக்கு. அதிலிருக்கும் அரிகோலின் தட்டைப்புழுவின் தசையைச் செயலிழக்கச் செய்யும். நாடாப்புழுவும் தட்டைப்புழு இனம்தான் என்பதால், ஒருகாலத்தில் நாய்களுக்குக் குடற்புழு மருந்தாகவே இதைக் கொடுத்திருக்கிறார்கள். சீவலுக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு, பாக்குப் பொடிக்குக் கப்பல் கூலி கொடுப்பதா?

அப்பாயியிடம் போய் நின்றேன். வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து வைத்து நரம்பு கிள்ளிக்கொண்டிருந்தது.

"கொட்டப்பாக்கு நாலு குடு அப்பாயி."

"எதுக்குடா தம்பி? யாருக்குத் தாம்பூலம்?"

"புழுவுக்கு."

"அதுக்கும் நாக்கு செவக்கணுமாக்கும்?" என்று சொல்லிக்கொண்டே நாலு பாக்கை எண்ணிக் கையில் போட்டது. "மிச்சத்தக் கொண்டாந்து குடுத்துரு."

பாக்குவெட்டியில் சீவி, மிக்ஸியில் பொடித்து, மூன்று பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் சோதனை வைத்தேன். ஒவ்வொன்றிலும் தொட்டித் தண்ணீர் அரை லிட்டர், பொறியில் பிடித்த பிளனேரியா ஐந்து, நத்தை ஒன்று. முதல் பாட்டிலில் பொடி இல்லை. இரண்டாவதில் ஒரு சிட்டிகை, மூன்றாவதில் கால் டீஸ்பூன். மூன்றாவதில் சீக்கிரமே புழுக்கள் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, உருண்டு அடியில் போய் விழுந்தன. காலையில் வெறும் கோழை. நத்தையும் ஓட்டை விட்டுத் தொங்கிக் கிடந்தது. இரண்டாவதில் மூன்று சுருண்டு கிடந்தன, இரண்டு ஊர்ந்துகொண்டிருந்தன. முதல் பாட்டிலில் எல்லாம் சௌக்கியம்.

வேலை செய்கிறது, சரி. ஆனால் தொட்டிக்கு எவ்வளவு போடுவது? அங்கேதான் மாட்டிக்கொண்டேன். ஒரு பாக்கில் இருக்கிற அரிகோலின் இன்னொன்றில் இருக்காது. இளசு, முற்றல், காய்ந்தது என்று மாறும். வேகவைத்த களிப்பாக்கில் பாதி சத்து தண்ணீரோடு போயிருக்கும். வாசனைச் சீவலில் வேறு என்னென்ன சேர்க்கிறார்களோ. சிட்டிகையில் இரண்டு பிழைக்கின்றன, கால் ஸ்பூனில் நத்தையும் சாகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று கையால் நிதானிக்க முடியாது. பாக்கு வழியை விட்டேன். மிச்சம் இரண்டரைப் பாக்கை ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன்.

எடை தெரிந்த மருந்துதான் வேண்டும் என்று கால்நடை மருந்துக் கடைக்குப் போனேன். ஃபென்பெண்டசோல், ஆடு மாட்டுக்குக் குடற்புழு நீக்கக் கொடுப்பது. கடைக்காரர், "ஆட்டுக்கா, மாட்டுக்கா?" என்றார்.

"இறாலுக்கு."

"பண்ணையா? எத்தனை ஏக்கர்?"

"ரெண்டடி."

அவர் சிரிக்கவில்லை. 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைக் கத்தரித்துக் கொடுத்தார்.

நான் எடுத்துக்கொண்ட அளவு லிட்டருக்கு 0.6 மில்லிகிராம். 45 லிட்டருக்கு 27 மில்லிகிராம். ஒரு மாத்திரையில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே கூட. அதைக் கத்தியால் வெட்டினால் சரியாக வராது. மாத்திரையை இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் நசுக்கி மாவாக்கி, 100 மில்லி தண்ணீரில் போட்டேன். அப்போது ஒரு மில்லியில் 1.5 மில்லிகிராம் இருக்கும், எனக்கு வேண்டியது 18 மில்லி. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த மருந்து தண்ணீரில் கரையவே கரையாது. ஒரு நிமிஷம் சும்மா வைத்தால் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி மேலே தெளிந்து அடியில் படிந்துவிடும். மேலாக உறிஞ்சினால் வெறும் தண்ணீர்தான் வரும், அடியில் உறிஞ்சினால் நாலு மடங்கு மருந்து வரும். மூடிபோட்ட பாட்டிலில் குலுக்கு குலுக்கென்று குலுக்கி, குலுக்கின கையோடு சிரிஞ்சில் இழுத்து, ஃபில்டர் குமிழி வரும் இடத்தில் விட வேண்டும். முதல் தடவை சிரிஞ்சிலேயே கொஞ்சம் படிந்துவிட்டது. தொட்டித் தண்ணீரை இழுத்து அலசி மறுபடி விட்டேன்.

மறுநாள் ஹைட்ராக்கள் குட்டையாகி, நூல் இழந்து, மொட்டையாக நின்றன. அதற்கு மறுநாள் காணோம். பிளனேரியா கண்ணாடியில் அங்கங்கே சுருண்டு ஒட்டியிருந்தது. ராத்திரி டார்ச்சில் ஒன்றுகூட ஊரவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை கூடத்தில் ஒரு வாடை. மாஸுக்குள் ராம்ஸ்ஹார்ன் நத்தைகள் ஒன்றிரண்டாகச் சாய்ந்து அழுகிக்கொண்டிருந்தன. புழுக்களும் ஹைட்ராவும் செத்தது எல்லாம் சேர்ந்து தண்ணீரில்தானே கிடக்கிறது? டெஸ்ட் கிட்டில் அமோனியா 1 பிபிஎம், அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். ஆறு பெரிய இறால்கள் வெளுத்துப் பக்கவாட்டில் கிடந்தன. மருந்து அவற்றைக் கொல்லவில்லை, மருந்து கொன்ற பிணங்கள் கொன்றன. அன்றைக்குப் பாதித் தண்ணீர், மறுநாள் கால்வாசி, அதற்கு மறுநாளும் கால்வாசி மாற்றினேன். மருந்து போடும் வாரம் முழுக்க இறாலுக்குத் தீனி போடாமல் இருந்திருக்க வேண்டும், செத்ததைத் தினமும் உறிஞ்சி எடுத்திருக்க வேண்டும். இரண்டாம் தவணையில் அப்படித்தான் செய்தேன். இரண்டாம் தவணை எதற்கு என்றால், பிளனேரியாவின் முட்டைக்கூட்டை மருந்து தொடாது. அது பொரிக்கட்டும் என்று பத்து நாள் விட்டு அதே அளவைப் போட்டேன். நெரைட் நத்தை வைத்திருப்பவர்கள் அதை முதலிலேயே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். இந்த மருந்து அதற்கு எமன். மண்ணில் படிந்த மருந்து மாதக்கணக்கில் இருக்கும் என்பதால் அவசரப்பட்டுத் திரும்ப விடவும் கூடாது.

கார்த்திகை பிறந்தது. புழு இல்லை, ஹைட்ரா இல்லை, அமோனியா பூஜ்யம். இறால் மட்டும் குறைந்துகொண்டே இருந்தது. எண்ணினேன்: முப்பத்தெட்டு. நாலு நாளில் முப்பத்துமூன்று. இப்போது குறைவது குட்டிகள் அல்ல, முக்கால் அங்குல இறால்கள். பிளனேரியா செய்கிற வேலையாக இது எப்போதுமே இருந்திருக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

துப்பு அம்மாவுக்குத்தான் கிடைத்தது. காலையில் கூடம் பெருக்கும்போது, "டேய், மழைநேரத்துல ஊசித்தட்டான் எப்படிடா உள்ள வந்துச்சு?" என்றார். ஜன்னல் திரையில் ஒல்லியாக, வெளிறின நிறத்தில், இறக்கை இன்னும் பளபளவென்று ஈரமாக ஒரு ஊசித்தட்டான் உட்கார்ந்திருந்தது. ஜன்னல் ராத்திரி முழுக்கச் சாத்தியிருந்தது. நான் தொட்டியைத் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் மட்டத்துக்கு மேலே, ஏர் ட்யூபைக் கட்டிப்பிடித்தபடி ஒரு கூடு. ஆறு கால், கண், வால் எல்லாம் அச்சு அசலாக. முதுகு மட்டும் பிளந்து, உள்ளே ஒன்றுமில்லை.

அன்றைக்கு லீவு போட்டேன். செடி முழுவதையும் கொத்துக் கொத்தாக எடுத்து வெள்ளை பிளாஸ்டிக் பேசினில் போட்டு உதறினேன். அனுபியாஸில் எதுவும் இல்லை. வேலம்பாசியின் இரண்டாவது கொத்தில் ஒரு பச்சைக் குச்சி விழுந்து, இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு நீந்தியது. பாசியின் அதே பச்சை. வாலில் மூன்று இலைகள், அவைதான் அதன் செவுள். மொத்தம் ஏழு அகப்பட்டன. மிகச் சின்னது அரிசி நீளம், பெரியது முக்கால் அங்குலம்.

ஒன்றைச் சாஸரில் விட்டு, கொசுப்புழு ஒன்றைப் பக்கத்தில் போட்டு லென்ஸில் பார்த்தேன். தட்டான் புழு அசையவே இல்லை. தலையை மட்டும் கொசுப்புழு பக்கம் மெல்லத் திருப்பியது. அடுத்த நொடி கொசுப்புழு அதன் வாயில் இருந்தது. நடுவில் நடந்ததை என் கண் பிடிக்கவில்லை. ஐந்தாறு தடவை பார்த்த பிறகுதான் புரிந்தது: கீழுதடு முழங்கை மாதிரி மடங்கி முகத்துக்கு அடியில் கிடக்கிறது, நுனியில் இரண்டு கொக்கி. அது விரிந்து, பிடித்து, திரும்பி மடங்குவது எல்லாம் கண்ணிமைப்பதற்குள். தோலுரித்த இறாலுக்கு இதனிடம் தப்ப வழியே இல்லை. மிச்சம் மீதியை மற்ற இறால்களும் நத்தைகளும் தின்று தீர்த்திருக்கும். பிணம் கிடைக்காததன் காரணம் இதுதான்.

எப்படி வந்தது என்பதில் மர்மம் இல்லை. ஊசித்தட்டான் தன் வால் நுனியால் நீர்ச்செடியின் தண்டைக் கீறி, முட்டையைத் தண்டுக்குள்ளேயே செருகி வைக்கும். நான் நாலு அலசு அலசினால் அது எப்படிப் போகும்? ஆடியில் செருகின முட்டை கார்த்திகையில் ஜன்னல் திரையில் உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு மருந்து கேட்டு வைக்காதீர்கள். புழுவுக்குப் போட்ட மருந்து இரண்டு தவணையும் இவற்றை ஒன்றும் செய்யவில்லை. பூச்சிக்கொல்லி அடித்தால் சாகும், ஆனால் இறாலும் தட்டானும் பங்காளிகள். இரண்டும் கணுக்காலிகள், ஓடு உரித்து வளர்பவை, நரம்பும் கிட்டத்தட்ட ஒரே வார்ப்பு. தட்டைப்புழு இறாலுக்கு ரொம்பத் தூரத்துச் சொந்தம், அதனால் அதை மட்டும் பிரித்து அடிக்க முடிந்தது. பங்காளியை அடித்தால் வீட்டுப்பிள்ளை மேலும் விழும். கொசுவிரட்டித் திரவமும் ஸ்ப்ரேயும் தொட்டி இருக்கிற அறையில் வேண்டாம் என்பதும் இதனால்தான். அதிலிருக்கும் பைரித்ராய்ட் என்ற பூச்சிக்கொல்லியை ஏர் பம்ப் உறிஞ்சித் தண்ணீரில் விட்டுவிடும். வயலில் மருந்தடித்த வாரத்தில் வாய்க்கால் செடியைத் தொடாதீர்கள் என்பதற்கும் அதே காரணம்.

ஆக, தட்டான் புழுவுக்குக் கைதான் மருந்து. ஏழு நாள் தொடர்ந்து ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச்சோடு உட்கார்ந்தேன். தண்டின் நுனியில் மூன்று இலை வால் தெரிந்தால் மீன் வலையை அடியில் பிடித்துக்கொண்டு குச்சியால் தட்டுவது. இரண்டாம் நாள் ஒன்று, ஐந்தாம் நாள் ஒன்று. அதோடு சரி. பிடித்த எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய் எடுத்த வாய்க்காலிலேயே விட்டேன். அங்கே கொசுப்புழுவைத் தின்னட்டும். இறக்கை முளைத்த பிறகு சம்பாப் பயிரில் தத்துப்பூச்சியைப் பிடிக்கட்டும். வயலில் அது நமக்கு வேண்டப்பட்ட ஆள். கூடத்துக்குள் வந்ததுதான் தப்பு, அதுவும் நான் அழைத்து வந்தது.

பேசினில் கிடந்த இறால்களை லென்ஸில் பார்த்தபோது மூன்றின் மூக்கு நுனியில் வெள்ளை மயிர் மாதிரி ஏதோ அசைந்தது. ஸ்குட்டாரியெல்லா, இறால் மேல் ஒட்டி வாழும் இன்னொரு தட்டைப்புழு. ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் அயோடின் சேர்க்காத கல்லுப்பைக் கரைத்து, வலையோடு அரை நிமிஷம் முக்கி எடுத்தேன். உதிர்ந்துவிட்டது. அதன் முட்டை இறால் உரித்த தோலில் தங்கும் என்பதால் அடுத்த இரண்டு வாரம் உரித்த தோல் கண்ணில் பட்டால் எடுத்துக் கொல்லையில் எறிந்தேன். வழக்கமாக அதைத் தொட்டியிலேயே விட்டுவிடுவேன், இறால்களே தின்னும்.

இப்போது புதுச் செடி எது வந்தாலும் மொட்டைமாடி பக்கெட்டில் ஐந்து வாரம். முதல் நாள் ராத்திரி மட்டும் நாலு லிட்டருக்கு ஒரு டேபிள்ஸ்பூன் படிகாரம் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் அலசி நல்ல தண்ணீருக்கு மாற்றுகிறேன். படிகாரம் நத்தைக்கும் செடி மேல் ஒட்டியிருக்கும் புழுவுக்கும்தான். தண்டுக்குள் செருகின முட்டைக்கு அது எட்டாது. அதற்குத்தான் ஐந்து வாரம். பொரித்து வருவது பக்கெட்டிலேயே கண்ணில் படும். பக்கெட்டுக்கு மேல் கொசுவலைத் துண்டு ஒன்றையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன், இல்லையென்றால் தட்டான் அங்கேயே வந்து மறுபடி முட்டையிட்டுவிட்டுப் போகும். முற்றம் திறந்த வீடு என்பதால் கூடத்துத் தொட்டிக்கும் அதே வலை. தீனியை இரண்டு நாளைக்கு ஒருமுறை என்று குறைத்தேன். அவித்த முருங்கைக் கீரை ஒரு ஈர்க்கு, மூன்று மணி நேரம் கழித்து மிச்சத்தை எடுத்துவிடுவது. முன்பெல்லாம் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஊட்டுகிற மாதிரி முட்டை மஞ்சள் கருவைப் பொடித்துத் தூவிக்கொண்டிருந்தேன். ஹைட்ராவையும் பிளனேரியாவையும் அப்படிக் கொழிக்க வைத்தது அதுதான்.

தையில் எண்ணிக்கை மறுபடி ஐம்பதைத் தாண்டியது. வாரம் ஒருமுறை கண் சொட்டுப் பாட்டில் பொறியை மட்டும் ஈரலோடு வைத்துப் பார்க்கிறேன். கடைசியாக வைத்ததில் அகப்பட்டது குட்டி நத்தை ஒன்று.

அப்பாயி நேற்று கேட்டது, "அந்த மிச்சப் பாக்கு எங்கடா?" என்று. டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திறந்து, முகர்ந்து பார்த்துவிட்டு, "புழு தின்ன மிச்சமா இது?" என்று கேட்டுக்கொண்டே செல்லத்தில் போட்டுக்கொண்டது.